கமாவுக்கு அந்தப் பக்கம்

கமாவை நம்பிப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒரே ஒரு அறை. அதில் நானும் ஸ்டெல்லாவும். பள்ளிக்கூடம், கல்யாணத் தகவல் நிலையம், சர்ச், அடுக்குமாடிச் சங்கம் என்று யார் யாரோ நீளமான டெக்ஸ்ட் ஃபைலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்ளேயே பெயர், பிறந்த தேதி, ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் நடுவில் கமாவோ நெட்டுக்கோடோ போட்டு அடைத்து வைத்திருப்பார்கள். வருகிறவர்களுக்கு வேண்டியது அதில் ஏதோ ஒரு துண்டு. கறுப்புத் திரையைத் திறந்து ‘கட்’ என்றோ ‘ஆக்’ என்றோ ஒரு கட்டளை அடித்து, எத்தனையாவது துண்டு வேண்டும் என்று எண் கொடுத்து என்டர் தட்டினால், அது மட்டும் மேலிருந்து கீழாகக் கொட்டும்.

அந்தத் துண்டுக்கு எங்கள் ஆபீஸ் பாஷையில் ‘காலம்’ (இங்கிலீஷ் column) என்று பெயர். “மூணாவது காலம் காலியா இருக்கு, ஏழாவது காலத்துலதான் கோளாறு” என்று ஸ்டெல்லா போனில் சத்தமாகச் சொல்வதைக் கேட்டு, ஒருநாள் மருந்துக்கடைக்காரர் கை ரேகை பார்க்கச் சொல்லி மாடியேறி வந்துவிட்டார். முகவரிக்குள் ஒரு கமா கூடுதலாக நுழைந்து, எல்லாம் ஒரு காலம் தள்ளிப்போய், பெயர் வரவேண்டிய இடத்தில் பின்கோடு வந்து நிற்கும் கொடுமையை இந்தத் தொழிலில் இருக்கும் நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். அதைப் பற்றிப் புலம்ப வரவில்லை. வேறு சில அனுபவங்கள் உண்டு. நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். வீட்டில் சொன்னால் விபூதி பூசிவிடுகிறார்கள். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

வெள்ளைக் கடல்

பட்டினப்பாக்கத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். படகுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே இருக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தார். கருவி அனுப்பும் ஃபைலிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு காலங்களை மட்டும் உருவி, மேப்பில் புள்ளியாக வைத்துக் கொடுப்பது என் வேலை. அக்னி நட்சத்திர வெயிலில் ஒருநாள் காலை அவர் ஓடிவந்தார். கூட ஒரு பெண். பெயர் கன்னியம்மா. அவள் புருஷன் ஆறுமுகம் தனியாகப் போன படகு திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. நான் வழக்கமான கட்டளையை ஓட்டினேன். மேப் திறந்தது. திரை முழுக்க வெள்ளை. உலகத்தின் உச்சந்தலையில், பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கு நடுவில் எங்கள் புள்ளி சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது.

“இன்னா சார் இது, வெள்ளையா கீது?” என்றாள் கன்னியம்மா. வாய் தவறி, “ஐஸ்ம்மா” என்று சொல்லிவிட்டேன். அவள் திரைக்குக் கிட்டே வந்து அந்தப் புள்ளியை விரலால் தொட்டாள். “அங்க ஏன் சார் போனாரு? ஒரு சொக்கா கூட நல்லதா எடுத்துக்கினு போவலியே” என்றாள். அழவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. ஃபைலைத் திறந்து பார்த்தேன். கருவிக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் வரிசையை மாற்றியிருந்தார்கள். தீர்க்கரேகை முன்னால், அட்சரேகை பின்னால். சென்னைக் கடலின் பதிமூன்றையும் எண்பதையும் இடம் மாற்றிப் போட்டால் அது பனிக்கடலில் போய் விழும். கட்டளையில் இரண்டு எண்களை மாற்றி மறுபடி ஓட்டினேன். புள்ளி பழவேற்காட்டுக்கு நேர் கிழக்கே வந்து நின்றது. முதலாளி அங்கிருந்தே போன் போட, மற்றப் படகுகள் கிளம்பின. சாயங்காலத்துக்குள் ஆறுமுகத்தின் படகைக் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். இன்ஜின் படுத்துவிட்டதாம், போனும் தண்ணீரில் விழுந்துவிட்டதாம்.

சில நாள் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் வஞ்சிரம் மீனோடு வந்தார்கள். ஸ்டெல்லா காபி வாங்கப் போனாள். பனிக்கடல் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டாயா என்று கன்னியம்மாவிடம் ஜாடையில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். “வெயில்ல ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்களோ?” என்று ஆறுமுகத்திடம் கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். “வெயிலா? நீ வேற சார். பல்லு கிட்டிக்கினு கெடந்தேன். சுத்தி வெள்ளை வெளேர்னு கீது, கண்ணே தெரியல” என்றார்.

விட்டுப்போன எண்

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி. பழைய வருகைப் பதிவை எல்லாம் புது மென்பொருளுக்கு மாற்ற வேண்டும் என்று ஃபைலைக் கொடுத்தார்கள். வரிசை எண் இருக்கும் காலத்தை உருவிப் பார்த்தால், எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இருபத்திரண்டுக்கு அடுத்தது இருபத்து நான்கு. நடுவில் ஓட்டை. முந்தின வருஷத்தை உருவினேன், அதே ஓட்டை. அதற்கும் முந்தின வருஷம், அங்கேயும் அப்படியே. யாரோ ஒரு தரம் செய்த பிழையை வருஷா வருஷம் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, ஓட்டையை அடைத்து எண்களை வரிசையாக்கிக் கொடுத்தேன்.

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ரெஜினா டீச்சர் வந்துவிட்டார். அந்த வகுப்பின் ஆசிரியை. ரொம்ப மரியாதையான பெண்மணி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “பழையபடி இருபத்து மூணு இல்லாம மாத்திக் குடுத்துடுங்க சார்” என்றார். மென்பொருள் ஓட்டையை ஏற்காது, எண் என்பது வெறும் எண்தானே, அந்த இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஏதாவது பிடிக்கவில்லையா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். பிறகு மெதுவான குரலில் சொன்னார்: “பிடிக்காம இல்ல சார், அந்த நம்பரைக் கூப்பிட்டா ரெண்டு குரல் ‘பிரசன்ட் மிஸ்’ங்குது.”

காணாமல் போன பெண்

ஜெயா மாமி கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்தில் தன் வீட்டிலேயே கல்யாணத் தகவல் நிலையம் நடத்துகிறார். பெற்றவர்கள் அவசரத்தில் ஒரே ஜாதகத்தை நான்கு தரம் பதிந்துவிடுவார்கள். ஒரு தரம் இனிஷியல் முன்னால், ஒரு தரம் பின்னால். அதனால் பெயரை வைத்து இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க முடியாது. நான் ஒரு வழி செய்தேன். பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர் என்ற மூன்று காலங்களை உருவி, மூன்றும் ஒன்றாக இருந்தால் முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும்படி ‘ஆக்’ கட்டளை எழுதினேன். ஃபைல் பாதியாகச் சுருங்கியது. மாமிக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த மாசம் மாமியே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். “என்னடா சுந்தர் பண்ணி வெச்சிருக்கே? ஒரு பொண்ணையே காணலையே! ஒரு பையனோட அம்மா ஆல்பத்துல போட்டோவைப் பார்த்துட்டு, பொண்ணு எங்காத்து சாயலாவே இருக்கா, ஜாதகம் குடுங்கோன்னு தினம் போன் பண்ணிண்டிருக்கா. நீ குடுத்த ஃபைல்ல அவ பேரே இல்லை” என்றார். பழைய ஃபைலை எடுத்துத் தேடினேன். பெண் இருந்தாள். என் கட்டளைதான் அவளை நீக்கியிருக்கிறது. அப்படியானால் அவளுடைய தேதியும் நேரமும் ஊரும் வேறொரு வரியோடு ஒத்துப்போயிருக்க வேண்டும். அந்த இன்னொரு வரியைத் தேடி எடுத்துத் திரையில் வைத்தேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அது ஒரு பையனின் வரி. அந்தப் பையனேதான். நிமிஷம் கூட மாறவில்லை.

மாமி தன் போனில் இரண்டு போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். இடது புருவம் நடுவில் கொஞ்சம் உடைந்தாற்போல் இரண்டு பேருக்கும். மாமி பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோய், பட்டும் படாமலும் விஷயத்தைச் சொன்னார். “உங்க பொண்ணு பொறந்த அன்னிக்கு, அதே ஊர்ல, அதே நேரத்துக்கு ஒரு பையன்…” அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, மறுபடி அடித்தது, யாரும் அடுப்பை அணைக்கவில்லை. அதற்கப்புறம் வந்த குரலை இன்னும் மறக்க முடியவில்லை. “அவளுக்கு நாங்க இன்னும் சொல்லலை மாமி. நீங்களும் சொல்லிடாதீங்கோ. எங்களால அன்னிக்கு ஒரு குழந்தையைத்தான் எடுத்துக்க முடிஞ்சுது. அந்தப் பையன்… அந்தப் பையன் நன்னா இருக்கானா?”

இறங்குமிடம் காலி

அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் தானாகவே மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து நிற்கிறது என்று புகார். வீட்டு வேலை செய்கிற பெண்கள் மத்தியானத்தில் லிஃப்டில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மெக்கானிக் வந்து பார்த்து, இயந்திரத்தில் குறையே இல்லை என்று சொல்லி, லிஃப்ட் எழுதி வைத்திருக்கும் ஃபைலைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். செயலாளர் வெங்கட்ராமன் ரிட்டையரான பேங்க் அதிகாரி; பேய் என்ற வார்த்தையைச் சொல்லக்கூட வெட்கப்படுபவர். “ஏதோ எலெக்ட்ரிகல் சமாச்சாரம்” என்றுதான் சொன்னார். எந்த மாடியில் பட்டனை அழுத்தினார்கள் என்பது ஒரு காலம். எந்த மாடியில் இறங்கினார்கள் என்பது அடுத்த காலம். இரண்டையும் உருவினேன். தினமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மூன்றாவது மாடியிலிருந்து யாரோ பட்டனை அழுத்துகிறார்கள். இறங்குமிடம் காலி. சனி, ஞாயிறு மட்டும் அழுத்துவதில்லை.

நானும் வெங்கட்ராமனும் மறுநாள் அந்த நேரத்துக்கு மூன்றாவது மாடிப் படிக்கட்டில் போய் நின்றோம். மூலை வீட்டுக் கதவு திறந்தது. லலிதா அம்மா வந்தார். மகன் பிரபு தரமணியில் வேலைக்குப் போய்விட, பகலில் அவர் தனியாக இருக்கிறவர். எங்களைக் கவனிக்கவில்லை. பட்டனை அழுத்தினார். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, உள்ளே யாரும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. குனிந்து ஒரு தோளிலிருந்து பையைக் கழற்றுவது போலக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். “இன்னிக்காவது டிபன் பாக்ஸைக் காலி பண்ணினியாடி?” என்று கேட்டுக்கொண்டே, கையைத் தாழ்வாகப் பிடித்தபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பாவம், மகளை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் முணுமுணுத்தேன். வெங்கட்ராமன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “அந்தம்மாவுக்கு ஒரே பையன்தான் சார். பொண்ணே கிடையாது” என்றார்.

பிரபுவிடம் பக்குவமாகச் சொன்னோம். டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கி, பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வள்ளி என்ற பெண்ணையும் அமர்த்தினார். வள்ளி தைரியசாலி, ஆஸ்பத்திரியில் பிணவறைப் பக்கமெல்லாம் வேலை பார்த்தவள் என்று சொன்னார்கள். அவள் வந்த பிறகும் லிஃப்ட் ஃபைலில் அந்தக் காலி வரி நிற்கவில்லை என்று செயலாளர் சொல்ல, ஒரு சாயங்காலம் மூலை வீட்டு மணியை அடித்தேன். வள்ளி கதவைப் பாதி திறந்தாள். பின்னால் லலிதா அம்மா ஹாலில் உட்கார்ந்து நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “என்னம்மா, அந்த லிஃப்ட் விஷயம்…” என்று ஆரம்பித்தேன். வள்ளி உதட்டில் விரலை வைத்து, உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மெதுவா பேசு சார், பாப்பா இப்பத்தான் கண்ணசந்துச்சு.”

என் மேஜையில் வந்த செய்தி

ஸ்டெல்லாவின் குடும்பம் சாந்தோமில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவர்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு வேலை வந்தது. கல்லறைத் திருநாள் பூசைக்கு வரச் சொல்லி, இறந்துபோனவர்களின் வீட்டாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். போன் நம்பர் காலத்தை உருவி, எல்லாருக்கும் ஒரே தட்டில் செய்தியை அனுப்பினேன். “உங்கள் அன்புக்குரிய பிலோமினாவின் ஆன்மா இளைப்பாற்றிக்காக…” என்று என் மேஜை மேலிருந்த என் போனிலேயே ஒரு செய்தி வந்து விழுந்தது. எனக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். பிலோமினா அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவராம். பாடகர் குழுவில் இருந்தவராம்.

ஃபைலில் அந்த வரியைப் பார்த்தேன். வீட்டார் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், இறந்தவரின் சொந்த நம்பரையே யாரோ போட்டிருந்தார்கள். அவர் போன பிறகு அந்த நம்பர் சும்மா கிடந்து, நான் ஆபீஸ் ஆரம்பித்து சிம் வாங்கியபோது எனக்கு வந்திருக்கிறது. அதற்கு அடுத்த காலத்தில் கணவர் அந்தோணியின் நம்பர். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு அந்த நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வரும். எடுத்து ஹலோ சொன்னால் பேச்சே இருக்காது. கடல் காற்று இரைகிற மாதிரி ஒரு சத்தம், யாரோ மூச்சு விடுகிற சத்தம், பிறகு கட். ஏதோ கால் சென்டர்காரர்களின் கோளாறு என்று நினைத்து, ஒன்றிரண்டு தரம் கெட்ட வார்த்தையில் கூடத் திட்டியிருக்கிறேன்.

அந்த வாரமும் அழைப்பு வந்தது. எடுத்து, “அந்தோணி சார்தானே?” என்றேன். மூச்சுச் சத்தம் நின்றது. நம்பர் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னேன். வேண்டுமானால் இந்த சிம்மை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் அவசரமாக வேண்டாம் என்றார். ரொம்ப நாள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த மனிதருக்குரிய சுத்தமான, நிதானமான குரல். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கும்போது நானும் என் மனைவியும் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். அது அடித்து ஓயும்வரை யாரும் தொடுவதில்லை. போன மாசம் ஒரு ஞாயிறு அது அடித்துக்கொண்டே இருந்து, தானாக நின்று, நின்ற பிறகு அறையில் மெலிசாக யாரோ பாடி நிறுத்திய மாதிரி இருந்தது என்று மனைவி சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்தோணி சார் போனை வைப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: “எடுக்காம மட்டும் இருங்க தம்பி. நீங்க எடுத்துட்டா அவளால எடுக்க முடியல.”

இத்தனைக்கும் என் விசிட்டிங் கார்டில் ‘தகவல் பிரித்துத் தரப்படும்’ என்று மட்டும்தான் அச்சடித்திருக்கிறேன்.